வேலை கேட்ட தேதி எங்கே? தமிழ்நாட்டில் நூறு நாள் வேலை: ஒரு நிகழ்வு ஆய்வு

2025 மார்ச்சில் தமிழ்நாட்டில் நூறு நாள் வேலை பார்த்தவர்களின் கூலிக்காக மத்திய அரசிடமிருந்து வரவேண்டிய நிலுவை 4,034 கோடி ரூபாய் என்று மாநில அரசு கணக்குச் சொன்னது. அதற்கு முந்தைய நவம்பர் கடைசியிலிருந்தே கூலி நின்றுபோயிருந்தது. வருகைப் பட்டியல் முடிந்த 15 நாளுக்குள் கூலி கணக்கில் ஏற வேண்டும் என்பது சட்டம். ஏரிக்கரையில் மண் வெட்டிய பெண்களுக்கு அது நான்கு மாதம் கடந்தும் வரவில்லை.

இந்த நிலுவை ஒரு நாளில் திடீரென்று விழுந்ததல்ல. அந்தத் திட்டத்தின் கட்டமைப்பிலேயே இருக்கும் ஒரு முரண்பாடு அந்த ஆண்டு வெளியே தெரிந்தது, அவ்வளவுதான். ‘கேட்டவருக்கு வேலை’ என்று சட்டம் எழுதியிருக்கிறது. ஆனால் பணம் ‘ஒதுக்கிய அளவுக்கு’ மட்டுமே வருகிறது. இரண்டும் மோதும்போது எது தோற்கிறது, எப்படித் தோற்கிறது, அந்தத் தோல்வி ஏன் எந்தப் பதிவேட்டிலும் தெரிவதில்லை என்பதே இந்த ஆய்வின் பொருள்.

சட்டம் எங்கிருந்து வந்தது

இந்த யோசனையின் வேர் மகாராஷ்டிரத்தில் இருக்கிறது. 1972–73 வறட்சியில் அங்கே பெரிய அளவில் நிவாரண வேலைகள் நடந்தன. அந்த அனுபவத்திலிருந்து 1977இல் வேலை உறுதிச் சட்டம் பிறந்தது. அதற்கான பணத்தின் ஒரு பகுதியை நகரத்துச் சம்பளக்காரர்கள் கட்டிய தொழில் வரி தந்தது. நாடு முழுவதற்குமான தேசிய ஊரக வேலை உறுதிச் சட்டம் 2005இல் நிறைவேறியது. 2006 பிப்ரவரி 2 அன்று 200 மாவட்டங்களில் நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாட்டில் முதல் கட்டத்தில் கடலூர், திண்டுக்கல், நாகப்பட்டினம், சிவகங்கை, திருவண்ணாமலை, விழுப்புரம் ஆகிய ஆறு மாவட்டங்கள் சேர்ந்தன. 2008 ஏப்ரலுக்குள் எல்லா ஊரக மாவட்டங்களும் வந்துவிட்டன. தொடங்கியபோது இங்கே ஒரு நாள் கூலி 80 ரூபாய். 2024–25இல் 319, 2025–26இல் 336.

இதற்கு முன்பும் வேலைவாய்ப்புத் திட்டங்களுக்குப் பஞ்சமில்லை. அவற்றிலெல்லாம் பணம் வந்தால் வேலை நடக்கும், வராவிட்டால் இல்லை. யாரும் கேள்வி கேட்க முடியாது. 2005 சட்டம் இதைத் தலைகீழாக்கியது. ஊரகக் குடும்பம் ஒன்று வேலை கேட்டு மனுக் கொடுத்தால் 15 நாளுக்குள் வேலை தரவேண்டும். தராவிட்டால் முதல் 30 நாளைக்குக் கூலியில் கால் பங்குக்கும், அதற்குப் பிறகு பாதிக்கும் குறையாமல் வேலையில்லாப் படி தரவேண்டும். 336 ரூபாய் கூலிக்கு இது நாளொன்றுக்கு 84 ரூபாய், பிறகு 168 ரூபாய். முதல் 30 நாளைக்கு மட்டும் 2,520 ரூபாய் ஆகிறது. இந்தப் படியைக் கொடுக்க வேண்டியது மாநில அரசு. அந்தச் சட்டத்தின்படி கூலி முழுவதும் மத்திய அரசின் பொறுப்பு, பொருள் செலவில் முக்கால் பங்கும் அதுவே. வேலை கொடுத்தால் மத்திய அரசு கூலி தரும், கொடுக்காவிட்டால் மாநிலம் தன் கையிலிருந்து கட்டவேண்டும். மாநிலங்கள் வேலையைத் தாங்களே தேடித்தர வேண்டும் என்பதற்காக நன்றாக யோசித்துப் போட்ட முடிச்சு இது.

அந்த முடிச்சு ஒரே ஒரு காகிதத்தில் தொங்குகிறது: வேலை கேட்டதற்கான தேதியிட்ட ரசீது.

ரசீது இல்லாத கோரிக்கை

நடைமுறையில் பெரும்பாலான ஊராட்சிகளில் யாரும் வேலை கேட்டு மனு எழுதுவதில்லை. வேலை வந்திருக்கிறது என்று பணித்தளப் பொறுப்பாளர் சொல்லியனுப்புவார், மக்கள் அட்டையை எடுத்துக்கொண்டு போவார்கள். வேலை இல்லாத வாரத்தில் “இந்த வாரம் இல்லைம்மா, அடுத்த வாரம் பார்ப்போம்” என்ற பதிலோடு திரும்புவார்கள். அந்தத் திரும்பல் எங்கும் பதிவாவதில்லை. கணினியில் ‘கோரிக்கை’ என்று ஏறுவது பெரும்பாலும் வேலை கொடுக்க முடிவான பிறகு, அந்த வாரத்துப் பெயர்களை உள்ளிடும் நேரத்தில்தான். கேட்ட தேதியும் கொடுத்த தேதியும் அருகருகே விழுகின்றன. அறிக்கையை எடுத்துப் பார்த்தால் கேட்டவர்களில் ஏறக்குறைய எல்லோருக்கும் வேலை கிடைத்ததாகவே தெரியும்.

இதனால் இரண்டு கேடு. முதலாவது, வேலையில்லாப் படி செத்த எழுத்தாகிப்போனது. 15 நாள் எந்தத் தேதியிலிருந்து ஓடுகிறது என்று காட்ட ஆளுக்குக் கையில் எதுவுமில்லை. இரண்டாவது இன்னும் ஆழமானது. அடுத்த ஆண்டுக்கு எவ்வளவு வேலை தேவை என்று திட்டமிடும்போது, இந்த ஆண்டு நிறைவேறாத தேவை கணக்கிலேயே இருக்காது. கொடுத்ததே கேட்டது என்றாகிவிடுகிறது. நாடு முழுவதும் ஒரு குடும்பத்துக்குச் சராசரியாகக் கிடைப்பது ஐம்பது நாளை ஒட்டியே நிற்கிறது. மீதி ஐம்பது நாளை அவர்கள் கேட்கவே இல்லை என்று வாதிடவும் இதே புள்ளிவிவரம் இடம் கொடுக்கிறது. ஏரி வேலைக்குப் போகும் எந்த ஊரிலும் போய்க் கேட்டால் அந்த வாதம் நிற்காது.

20 கோடி மனித நாள்

ஒவ்வொரு ஊராட்சியும் அடுத்த நிதியாண்டுக்கான பணிகளைக் கிராம சபையில் தீர்மானித்து ஒன்றியத்துக்கு அனுப்புகிறது. அக்டோபர் 2 கூட்டம் இதற்கு முக்கியமானது. ஒன்றியம், மாவட்டம், மாநிலம் என்று சேர்ந்து தொழிலாளர் வரவு செலவு மதிப்பீடாக அது தில்லிக்குப் போகிறது. அங்கே மாநிலத்துக்கு இத்தனை கோடி மனித நாள் (ஒருவர் ஒரு நாள் செய்யும் வேலை ஒரு மனித நாள்) என்று ஒப்புதல் தருகிறார்கள். சட்டத்தின்படி இது ஒரு முன்மதிப்பீடு மட்டுமே. தேவை கூடினால் திருத்தி உயர்த்திக்கொள்ளலாம். கையில் பணம் இல்லாத ஆண்டில் அதுவே உச்சவரம்பாக மாறிவிடுகிறது.

2023–24இல் தமிழ்நாட்டில் 40 கோடிக்கும் மேற்பட்ட மனித நாள் வேலை நடந்தது. 2024–25க்கு ஒப்புதலான அளவு 20 கோடி. ஆண்டு முடிய மாதங்கள் இருக்கும்போதே அது தீர்ந்துபோனது. 35 கோடியாக உயர்த்தச் சொல்லி மாநில அரசு கேட்டது. இடைப்பட்ட நாட்களில் களத்தில் வேலை நடந்துகொண்டிருந்தது, வருகை பதிவானது, அளவு எடுத்தார்கள், கூலிப் பட்டியலும் போனது. பணம் மட்டும் வரவில்லை.

நாடு தழுவிய ஒதுக்கீட்டைப் பார்த்தால் இதன் பின்னணி புரியும். கொரோனா ஆண்டான 2020–21இல் திட்டத்துக்குச் செலவானது 1,11,000 கோடி ரூபாய்க்கு மேல். ஏறக்குறைய 389 கோடி மனித நாள் வேலை நடந்தது. நகரத்திலிருந்து நடந்தே ஊர் திரும்பியவர்களுக்கு அந்த ஆண்டு கைகொடுத்தது இதுதான். பிறகு 2023–24 வரவு செலவுத் திட்டத்தில் ஒதுக்கியது 60,000 கோடி. 2024–25லும் 2025–26லும் 86,000 கோடி. ஒவ்வோர் ஆண்டும் ஒதுக்கீட்டின் ஒரு பகுதி முந்தைய ஆண்டு நிலுவையை அடைக்கவே போய்விடும். ஏப்ரலில் முழுக் குடமாகத் தெரிவது உண்மையில் முக்கால் குடம்தான். டிசம்பருக்குள் அடி தட்டிவிடும்.

குழியின் நடுவே ஒரு மண் திட்டு

கூலி குறைவதற்கு வேறொரு காரணமும் உண்டு. அது தில்லியில் இல்லை, வேலை நடக்கும் இடத்தில் இருக்கிறது. 2025–26க்கான 336 ரூபாய் என்பது உச்ச அளவு. நாளெல்லாம் நின்றதற்கான கூலி அல்ல, வெட்டிய மண்ணின் அளவுக்கான கூலி. வெட்டும் குழியின் நடுவே ஒரு திட்டை மட்டும் வெட்டாமல் விடுவார்கள். தரை முன்பு எந்த மட்டத்தில் இருந்தது என்பதற்கு அதுதான் சாட்சி. ஓவர்சியர் வந்து நாடா பிடித்து நீளம், அகலம் அளப்பார், திட்டின் உயரத்தை வைத்து ஆழம் எடுப்பார், அளவுப் புத்தகத்தில் எழுதுவார்.

எடுத்துக்காட்டாக ஒரு கணக்கு. 40 பேர் ஆறு நாள் வேலை செய்கிறார்கள். அந்த மண்ணுக்கு ஆளுக்கு ஒரு நாளைக்கு 1.2 கன மீட்டர் என்று வைத்தால் 288 கன மீட்டர் வெட்டியிருக்க வேண்டும். அளவில் 216தான் வருகிறது என்றால் அது 75 சதவீதம். கூலியும் 336க்குப் பதில் 252 ஆகிறது. ஆறு நாளைக்கு 2,016 வரவேண்டிய இடத்தில் 1,512.

216 வந்ததற்குச் சோம்பல்தான் காரணம் என்று எளிதாகச் சொல்லிவிடுகிறார்கள். களத்தில் பார்த்தால் காரணங்கள் வேறு. மேலே வண்டல், அரை அடிக்குக் கீழே இறுகிய செம்மண்ணோ சுண்ணாம்புக் கல்லோ இருக்கும். மதிப்பீட்டில் முழுவதையும் மென்மண் என்று எழுதியிருப்பார்கள். சட்டியில் மண்ணைச் சுமந்து கரை ஏற்ற வேண்டிய தூரமும் உயரமும் குழி ஆழமாக ஆகக் கூடும். அதை வீதப் பட்டியலில் சேர்க்க மறந்திருப்பார்கள். அளவு எடுக்கத் தாமதமாகி நடுவில் ஒரு மழை பெய்தால் கரை சரிந்து குழி மூடும், திட்டும் கரையும். செய்த வேலை தண்ணீரோடு போய்விடும். 40 பேருக்கும் ஒரே பெரிய குழியாகக் கொடுத்து மொத்தமாக அளந்தால், நன்றாக வெட்டியவருக்கும் மற்றவருக்கும் ஒரே கூலி. அடுத்த வாரம் நன்றாக வெட்ட யாருக்கு மனம் வரும்? ஐந்தாறு பேர் கொண்ட சிறு குழுக்களாகப் பிரித்து, ஒவ்வொரு குழுவுக்கும் சுண்ணாம்புக் கோடு போட்டு, அந்தந்த வாரமே அளந்த இடங்களில் கூலி உயர்ந்திருக்கிறது. இதற்கு வேண்டியது கூடுதல் பணமல்ல, கூடுதல் அளவையாளர். ஓர் ஓவர்சியர் தலையில் பல ஊராட்சிகள் இருக்கும்வரை இது நடக்காது.

பருவமும் ஒரு காரணம். ஏரி, குளம், ஊரணி வேலைகள் தண்ணீர் வற்றிய மாதங்களில்தான் முடியும். ஐப்பசி, கார்த்திகையில் எந்த நீர்நிலையிலும் இறங்க முடியாது. நீர்நிலை வேலையை மட்டுமே தீர்மானத்தில் எழுதிவைத்த ஊராட்சியில் மழைக்காலம் முழுக்க வேலை இருக்காது. மரக்கன்று நடுதல், வரப்பு அமைத்தல், நாற்றங்கால் என்று மழைக்கு ஏற்ற பணிகளையும் ஒப்புதல் பெற்று முன்கூட்டியே கையில் வைத்திருக்கும் ஊராட்சிகள் தப்பித்துக்கொள்கின்றன.

பணம் கடக்கும் வழி

வருகைப் பட்டியல் முடிந்ததும் ஒன்றிய அலுவலகம் அளவைச் சரிபார்த்து, கூலிப் பட்டியல் தயாரித்து, நிதி மாற்று ஆணையில் இரண்டு கையெழுத்தும் மின்னணு முறையில் இட வேண்டும். இதற்கு எட்டு நாள், இது மாநிலத்தின் பொறுப்பு. பிறகு ஆணை மத்திய அரசின் நிதி அமைப்புக்குள் போய் வங்கிக் கணக்கை அடைய ஏழு நாள், இது மத்திய அரசின் பொறுப்பு. 15 நாளுக்கு மேல் ஒவ்வொரு நாளுக்கும் நிலுவைக் கூலியில் 0.05 சதவீதம் இழப்பீடு தரவேண்டும். இரண்டாம் கட்டத் தாமதத்தை இழப்பீட்டுக் கணக்கில் சேர்க்காமலே விட்டுவந்தார்கள். அது தவறு, முழுத் தாமதத்துக்கும் தொழிலாளிக்கு இழப்பீடு உண்டு என்று 2018 மே மாதம் ஸ்வராஜ் அபியான் என்ற அமைப்பு தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது.

அந்த 0.05 சதவீதம் எவ்வளவு என்று பார்ப்போம். 2,016 ரூபாய்க்கு நாளொன்றுக்கு ஒரு ரூபாய். அறுபது நாள் தாமதத்துக்கு அறுபது ரூபாய். மாதக் கணக்கில் இது ஒன்றரை வட்டி. கூலி வராத மாதத்தில் அந்தக் குடும்பம் வெளியில் வாங்கும் கைமாற்று அஞ்சு வட்டி. அதே 2,016க்கு மாதம் நூறு ரூபாய். அரசு தாமதிக்கும் ஒவ்வொரு மாதமும் மண் வெட்டியவர் எழுபது ரூபாய் தன் கையிலிருந்து கட்டுகிறார், அரசு தரவேண்டிய இழப்பீடு ஒழுங்காக வந்தாலும்கூட.

2024 ஜனவரி 1 முதல் ஆதார் வழிப் பணம் செலுத்துவது கட்டாயமானது. இதில் கூலி போவது கணக்கு எண்ணுக்கு அல்ல, ஆதாரோடு கடைசியாக இணைந்த கணக்குக்கு. ஒருவர் கடனுக்காகவோ எரிவாயு மானியத்துக்காகவோ வேறொரு வங்கியில் கணக்குத் தொடங்கி ஆதாரைக் கொடுத்திருந்தால் கூலி அங்கே போய் விழும். வழக்கமான வங்கியில் போய்ப் பார்த்துவிட்டு ‘கூலி வரலை’ என்று திரும்புவார். வேலை அட்டையில் ‘கு’ என்ற முதலெழுத்து முன்னாலும் ஆதாரில் பின்னாலும் இருந்தால்கூடப் பெயர் பொருந்தாமல் போகலாம். ஊராட்சி அளவில் இதைச் சரிசெய்ய ஒரு எளிய வழி, கூலி திரும்பிவந்தவர்களின் பட்டியலை மாதந்தோறும் எடுத்து ஒட்டி, வங்கி முகவரை ஒரு நாள் ஊராட்சி அலுவலகத்தில் உட்காரவைப்பது. பட்டியல் கணினியில் எப்போதும் இருக்கிறது. எடுத்து ஒட்டுவதுதான் இல்லை.

வருகைக்கான கைப்பேசிச் செயலி பற்றியும் ஒரு வார்த்தை. 2023 ஜனவரி முதல் காலையிலும் பிற்பகலிலும் இட அடையாளத்தோடு படம் எடுத்தால்தான் அன்றைய வருகை. சிக்னல் இல்லாத ஏரிக்குள் பொறுப்பாளர் கைப்பேசியைத் தூக்கிப் பிடித்தபடி கரைமேல் ஏறி நிற்பதும், அவர் கைப்பேசி பழுதானால் நாற்பது பேரின் அரை நாள் போவதும் சாதாரணம். இவ்வளவு தொந்தரவுக்குப் பிறகும் மோசடி நிற்கவில்லை. தொடர்பில்லாத படங்களையும் படத்தைப் படமெடுத்தும் ஏற்றுகிறார்கள் என்று 2025 ஜூலையில் மத்திய ஊரக வளர்ச்சி அமைச்சகமே மாநிலங்களுக்கு எழுதியது. திருட்டைப் பிடித்தது வேறு முறை: வருகைப் பட்டியலைக் கிராம சபையில் உரக்கப் படிக்கும் சமூகத் தணிக்கை. இல்லாதவர் பெயர் வந்தால் கூட்டத்தில் ஒருவராவது சிரிப்பார். அதற்குமேல் பணத்தைத் திரும்ப வாங்குவதில்தான் தணிக்கை பலவீனமாக இருக்கிறது.

எது வேலை செய்தது

இவ்வளவு ஓட்டைகளுக்கு இடையிலும் இந்தத் திட்டம் செய்ததைக் குறைத்துச் சொல்லக் கூடாது. தமிழ்நாட்டில் நூறு நாள் வேலைக்குப் போகிறவர்களில் பெரும்பான்மை பெண்கள், பத்தில் எட்டுக்கும் மேல். ஆண்களுக்குக் கட்டட வேலை, திருப்பூர், சென்னை என்று வெளியே போக வழி இருக்கிறது. வீட்டையும் மாட்டையும் விட்டுப் போக முடியாத பெண்ணுக்கு ஐந்து கிலோமீட்டருக்குள், ஆணுக்குச் சமமான கூலியில், தன் பெயர்க் கணக்கில் ஏறும் வேலை வேறெதுவும் இல்லை. சிறு குழந்தைகள் ஐந்து பேர் வந்தால் அவர்களைப் பார்த்துக்கொள்ள ஒருவரை வைத்து அவருக்கும் அதே கூலி தரவேண்டும் என்ற விதி சிறியதாகத் தெரியும். கைக்குழந்தைக்காரி வேலைக்கு வருவதும் வராததும் அந்த விதியில் இருக்கிறது.

வயல் கூலியிலும் மாற்றம் தெரிந்தது. ஆந்திரத்தில் 1.9 கோடி மக்கள் வாழும் 157 மண்டலங்களில், கூலி பட்டுவாடாவைச் சீராக்கிய இடங்களையும் மற்ற இடங்களையும் ஒப்பிட்டு முரளிதரன், நீஹவுஸ், சுக்தங்கர் ஆகிய பொருளியலாளர்கள் ஆராய்ந்தார்கள். சீரான இடங்களில் ஏழைக் குடும்பங்களின் வருமானம் ஏறக்குறைய 13 சதவீதம் கூடியது. அதில் பெரும்பங்கு திட்டத்தின் கூலியல்ல, வெளி வேலைக் கூலி உயர்ந்ததால் வந்தது. கூலி ஒழுங்காக வரும் ஒரு வேலை ஊரில் இருந்தால், மற்ற இடத்தில் பேரம் பேச ஆளுக்குத் தெம்பு வருகிறது.

இதையேதான் விவசாயிகள் ‘ஆள் கிடைக்கவில்லை’ என்று குறையாகச் சொல்கிறார்கள். அந்தக் குறையில் நியாயமில்லை என்று தள்ள முடியாது. சிறு விவசாயிக்கு நடவு நாளில் ஆள் வராவிட்டால் நாற்று முற்றிவிடும். ஆனால் நடவு ஊருக்கு ஊர் வேறு. டெல்டாவில் சம்பா நடும் வாரத்தில் தருமபுரி மானாவாரிக் காட்டில் வேறு வேலை நடக்கும். ஒன்றிய அளவில், கிராம சபையில் கேட்டு அந்தந்த வாரத்தை ஒதுக்கினால் இரண்டு தரப்பும் பிழைக்கும்.

புதிய சட்டம் எங்கே கை வைக்கிறது

2025 டிசம்பரில் நாடாளுமன்றம் 2005 சட்டத்துக்குப் பதிலாக ‘விக்சித் பாரத்’ ஊரக வேலை உறுதிச் சட்டத்தை நிறைவேற்றியது. நாட்கள் 100இலிருந்து 125 ஆகின்றன. விதைப்பு, அறுவடைக் காலத்தில் மொத்தம் 60 நாள்வரை வேலையை நிறுத்திவைக்க மாநிலங்களுக்கு இடம் உண்டு. பெரும்பாலான மாநிலங்களுக்கு மொத்தச் செலவில் மத்திய அரசு 60, மாநிலம் 40.

பழைய முறையோடு ஒப்பிட்டால் எடை எங்கே சாய்கிறது என்பது புரியும். முன்பு 10 லட்ச ரூபாய்ப் பணி ஒன்றில் கூலி 6 லட்சம், பொருள் 4 லட்சம் என்று வைத்தால், மாநிலம் கட்டியது பொருளில் கால் பங்கு, அதாவது 1 லட்சம். புதிய சட்டத்தில் அதே பணிக்கு 4 லட்சம். அத்தோடு மாநிலத்துக்கென்று ஒரு நிர்ணயித்த ஒதுக்கீடு வருகிறது. அதைத் தாண்டினால் முழுச் செலவும் மாநிலத்துடையது. 2024–25இல் நடைமுறையில் உச்சவரம்பாகிப்போன அந்த 20 கோடியைப் போன்ற ஒரு அளவு, இனி சட்டத்திலேயே உச்சவரம்பாக உட்காருகிறது. வேலை கொடுக்க மாநிலத்தைத் தூண்டிய பழைய முடிச்சு அவிழ்ந்து, கொடுக்காமலிருக்கத் தூண்டும் முடிச்சாக மாறுகிறது. நாட்களின் எண்ணிக்கை கூடியிருப்பதைவிட இதுவே பெரிய மாற்றம்.

இந்த நிலையில் வேலை கேட்ட தேதி முன்னைவிட முக்கியமாகிறது. மனுவைத் தனியாகவும் தரலாம், பத்துப் பேர் சேர்ந்து ஒரே தாளிலும் தரலாம். ஒவ்வொருவர் பெயர், அட்டை எண், எந்தத் தேதியிலிருந்து, தொடர்ச்சியாக எத்தனை நாள் என்பது கட்டாயம் இருக்க வேண்டும். ‘வேலை வேண்டும்’ என்று மட்டும் எழுதினால் 15 நாள் எங்கிருந்து எண்ணுவது என்ற தகராறு வரும். இரண்டு பிரதி எடுத்து, ஒன்றில் ஊராட்சிச் செயலரிடம் முத்திரை, கையெழுத்து, தேதி மூன்றும் வாங்க வேண்டும். வாங்க மறுத்தால் வட்டார வளர்ச்சி அலுவலருக்கு ஸ்பீட் போஸ்டில், சேர்ந்ததற்கான சான்று கேட்டு அனுப்ப வேண்டும். அஞ்சலகம் தரும் அந்தச் சான்றில் இருக்கும் தேதியும் தேதிதான்.